பில்டு லாகில் வரும் எச்சரிக்கை யாருக்கு?

பல்லடம் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலை. லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் எடையைப் படித்துச் சீட்டு அடிக்கும் சின்ன நிரல் ஒன்று அங்கே ஓடுகிறது. சி மொழியில் எழுதிய திறமூல நிரல். 2023இல் அதை டெபியன் 12 என்ற லினக்ஸ் விநியோகத்துக்கான பேக்கேஜாக, அதாவது நேரே நிறுவிக்கொள்ளும் பொதியாகக் கட்டி ஆலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவன் நான். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடைமேடைத் தம்பி கூப்பிட்டார். "அண்ணா, வண்டி ஏறுனதும் புரோகிராம் தானா மூடிக்குதுங்ண்ணா. சீட்டே வர மாட்டேங்குது. வெளிய ஏழு லோடு நிக்குதுங்க."

நிரலைக் கட்டும்போது கருவிகள் எழுதிவைக்கும் பதிவான பில்டு லாகைத் திரும்ப எடுத்தேன். இரண்டாயிரம் வரிக்கு மேல். முதல் நாள் அதே லாகை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்து, எல்லாம் வழக்கமாக வருவதுதானே என்று மூடி வைத்திருந்தேன். லொக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) கிடைக்கவில்லை என்று பெர்ல் மொழிக் கருவிகள் சொன்னது, காலாவதியான மேக்ரோக்களை (சுருக்கக் கட்டளைகளை)ப் பற்றிக் கட்டுவதற்குத் தயார்செய்யும் ஆட்டோகான்ஃப் அடுக்கியது, நூலகம் கட்டும் லிப்டூலின் நினைவூட்டல், காப்பகம் கட்டும் ஏஆர் கட்டளையின் குறிப்பு. இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி: 'ஸ்டர்டூப்' என்ற ஃபங்ஷன் அறிவிக்கப்படாமலே அழைக்கப்படுகிறது.

ஏழு லோடையும் நிறுத்தியது அந்த வரி சொன்ன விஷயம்தான். அறிவிப்பு இல்லாத ஃபங்ஷனை அழைத்தால், அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று, மூலநிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாக வைத்துக்கொள்ளும். சி மொழியின் பழைய வழக்கம் அது. எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் ஸ்டர்டூப் தருவதோ நினைவக முகவரி. 64 பிட் கணினியில் முகவரிக்கு 64 பிட், முழு எண்ணுக்கு 32 பிட். மேல் பாதி வெட்டுப்பட்டுப் போகும். நிரலை எழுதியவர் அறிவிப்பு உள்ள தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் இல்லை. ஆனால் கம்பைலரிடம் 'சி99 தரம் மட்டும்', அதாவது 1999ஆம் ஆண்டின் சி தரம் மட்டும், என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஸ்டர்டூப் அந்தத் தரத்தில் இல்லாததால், அதன் அறிவிப்பு மறைந்துவிட்டது.

அவருடைய கணினியில் மட்டும் எப்படி ஓடியது? நிரலை நினைவகத்தில் எந்த இடத்திலும் ஏற்றக்கூடியதாகக் கட்டும் முறைக்கு பிஐஇ என்று பெயர். அந்த முறை இல்லாமல் கட்டினால், நிரல் கேட்டு வாங்கும் நினைவகம் பெரும்பாலும் தாழ்ந்த முகவரியிலேயே அமையும். மேல் பாதி முழுக்கச் சுழியம், வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை. டெபியனில் 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து பிஐஇதான் இயல்பு. அங்கே முகவரி உயரத்தில் இருக்கும்; வெட்டினால் நிரல் விழும். எழுதியவர் சோதித்துப் பார்த்துத்தான் வெளியிட்டார். பேக்கேஜாகக் கட்டும்போதுதான் கோளாறு வெளிப்பட்டது. அதைச் சொன்ன ஒரே ஆள் அந்த எச்சரிக்கை வரி.

லாகில் ஏன் இவ்வளவு இரைச்சல்? பேக்கேஜ் கட்டுவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். டெபியன் 12இல் 64,000 பேக்கேஜ்களுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டளை எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் டெபியனில் டெப்ஹெல்பர், இன்னொரு லினக்ஸ் விநியோகமான ஃபெடோராவில் ஆர்பிஎம் மேக்ரோக்கள் என்று பொதுவான கருவிகள் இருக்கின்றன. எந்த நிரலாக இருந்தாலும் ஒரே மூட்டை விருப்பங்களை அவை அனுப்பும். நிறுவும் இடம் இது, அமைப்புக் கோப்புகள் அங்கே, நூலகங்கள் இங்கே, இணையத்திலிருந்து எதையும் இறக்காதே, இப்படி. அந்த நிரலுக்கு இவற்றில் பாதி வேண்டியிருக்கலாம், பாதி அர்த்தமே இல்லாமலும் போகலாம். வேண்டாத பாதியைப் பற்றித்தான், கட்டும் வேலையை நடத்தும் பில்டு அமைப்பு எச்சரிக்கிறது.

ஒவ்வொரு பில்டு அமைப்பும் இதை ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்ளும். தனக்குத் தொடர்பில்லாத விருப்பம் வந்தாலும், ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது குனு மென்பொருள் திட்டத்தின் எழுத்து விதி. பல நிரல்கள் அடங்கிய ஒரு மூலநிரல் மரத்தையே ஒரே விருப்பத் தொகுப்பால் கட்ட முடியவேண்டும் என்பதற்காக வந்த விதி அது. அதனால் 'எனேபிள்', 'வித்' வகையில் தெரியாத விருப்பத்தைக் கண்டால் கான்ஃபிகர் நிற்காது. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போகும். மெசான் என்ற பில்டு அமைப்பு கறார், தெரியாத விருப்பம் என்றால் பிழை காட்டி நின்றுவிடும். சிமேக் என்ற பில்டு அமைப்பு இரண்டுக்கும் நடுவே. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில், 'கையால் குறிப்பிட்ட இந்த மாறிகளைத் திட்டம் பயன்படுத்தவில்லை' என்று ஒரு பட்டியல் போடும்.

'கையால் குறிப்பிட்ட' என்பதைக் கவனியுங்கள். அவற்றை யாரும் கையால் குறிப்பிடவில்லை, டெப்ஹெல்பர் சேர்த்தது. கட்டளையைத் தட்டியது ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டு சிமேக் பேசுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எச்சரிக்கை அவசியமா அனாவசியமா என்று பார்ப்பதற்கு முன்னால், அது யாரிடம் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். லாகில் மூன்று பேரைப் பார்த்துப் பேச்சு நடக்கிறது. நிரலை எழுதியவர், கட்டளையைத் தட்டியவர், நாளைக்கு நிரலை ஓட்டப்போகிறவர். பேக்கேஜ் கட்டுபவர் இந்த மூவருக்கும் நடுவே உட்கார்ந்து எல்லாருடைய கடிதத்தையும் வாங்குகிறார்.

எழுதியவருக்கு வரும் கடிதத்தை அடையாளம் காண்பது எளிது. சிமேக் அதில் வெளிப்படையாகவே சொல்லிவிடும்: இந்த எச்சரிக்கை திட்டத்தை உருவாக்குபவர்களுக்கானது, வேண்டாமென்றால் 'டபிள்யூ-நோ-டெவ்' கொடுங்கள் என்று. ஆட்டோகான்ஃப் காலாவதி மேக்ரோவைக் காட்டி 'ஆட்டோஅப்டேட்' ஓட்டச் சொல்வதும் அவருக்குத்தான். நாம் ஓட்டினால் அவருடைய கோப்பை நாம் மாற்றியதாகிவிடும். இவற்றை வாயடைக்கலாம். அதற்கு முன்னால் ஒருமுறை எழுதியவருக்கு ஒரு வரி தகவல் அனுப்பிவிட்டால் நல்லது.

ஆனால் அந்த டபிள்யூ-நோ-டெவ் விருப்பத்தில் ஒரு வினை இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. அதைக் கொடுத்தால், உருவாக்குநர் எச்சரிக்கைகளோடு 'இது விரைவில் நீக்கப்படும்' என்ற எச்சரிக்கைகளும் சேர்ந்து அணைந்துவிடும். சிமேக் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. 2023இல் வந்த சிமேக் 3.27, குறைந்தபட்ச சிமேக் பதிப்பாக 3.5க்குக் கீழே கேட்கும் திட்டங்களுக்கான ஆதரவு இனி நீடிக்காது என எச்சரிக்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் சிமேக் 4.0 வந்தபோது ஆதரவை எடுத்தேவிட்டார்கள். 2.8 என்று எழுதிவைத்த பழைய திட்டங்கள் ஒரே நாளில் கட்ட முடியாமல் போயின. எச்சரிக்கையைப் பார்த்துவந்தவர்களுக்கு இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. பழக்கத்தில் டபிள்யூ-நோ-டெவ் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது முதல் செய்தியாகவே பிழையாக வந்தது. குறைந்தபட்சக் கொள்கைப் பதிப்பை 3.5 என்று வெளியிலிருந்து திணிக்க ஒரு மாறியைக் கொடுத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு உதவும். டபிள்யூ-நோ-டெவ் போட்டே ஆகவேண்டுமென்றால் கூடவே 'டபிள்யூ-டெப்ரிகேட்டட்' என்றும் சேர்த்துவிடுங்கள். உருவாக்குநர் எச்சரிக்கைகள் போகும், நீக்கம் பற்றிய எச்சரிக்கைகள் இருக்கும்.

அடுத்து, கட்டளையைத் தட்டியவருக்கான கடிதங்கள். பயன்படாத மாறிகள் என்று சிமேக் போடும் பட்டியல் இந்த வகை. டெபியனில் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் ஒரு மாறி, ஃபெட்ச்கன்டென்ட் என்ற வசதி கட்டும் நேரத்தில் இணையத்துக்குப் போகாமல் தடுப்பதற்கானது. திட்டம் அந்த வசதியையே தொடவில்லை என்றால் மாறி பயன்படாமல் கிடக்கும், அது நல்ல செய்திதான். ஃபெடோராவின் மேக்ரோ நெடுங்காலம் அனுப்பிவந்த, நூலக அடைவின் பெயர் ஈற்றைக் குறிக்கும் 'லிப் சஃபிக்ஸ்' போன்றவையும் இப்படித்தான்; கேட்கும் திட்டம் எடுத்துக்கொள்ளும், மற்றவை விட்டுவிடும். இதை வாயடைக்க 'நோ-வார்ன்-அன்யூஸ்டு-சிஎல்ஐ' என்று ஒரு விருப்பம் சிமேக்கிலேயே இருக்கிறது. பட்டியல் முழுக்கப் போய்விடும்.

முழுக்கப் போய்விடுவதுதான் சிக்கல். கோவையில் பேக்கேஜ் கட்டப் பழகும் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. திட்டத்தில் மாறியின் பெயர் 'வித் தமிழ்' என்று இருக்கும். இவர்கள் 'எனேபிள் தமிழ்' என்று தட்டியிருப்பார்கள். பில்டு வெற்றிகரமாக முடியும், பேக்கேஜும் வரும், தமிழ் மட்டும் இருக்காது. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே இடம் அந்தப் பயன்படாத மாறிகள் பட்டியல். பத்து வரி பொது மாறிகளுக்கு நடுவே பதினோராவதாக இவர்களுடைய பிழையும் நிற்கும். பட்டியலை அடைத்தால் இரண்டும் சேர்ந்து மறையும். அடைக்காவிட்டாலும் பத்து வரியைப் பார்த்துச் சலித்த கண் பதினோராவதைப் பார்க்காது.

இதற்கு ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. சிமேக் அந்தப் பட்டியலுக்குக் கண்காணிப்பது கட்டளை வரியில் பெரிய எழுத்து 'டி' போட்டுக் கொடுத்த மாறிகளை மட்டும். பெரிய எழுத்து 'சி' போட்டு, மாறிகளின் தொடக்க மதிப்புகள் அடங்கிய ஒரு கேஷ் கோப்பைக் கொடுத்தால், அதற்குள் வைத்த மாறிகளை அது கணக்கில் எடுக்காது. ஆகவே எல்லாப் பேக்கேஜுக்கும் பொதுவானவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். இந்தப் பேக்கேஜுக்கென்று கையால் தட்டுவதைக் கட்டளை வரியிலேயே விடுங்கள். அப்புறம் பயன்படாத மாறி என்று ஒரு வரி வந்தால், அது நிச்சயம் நாம் தட்டியது. 'கையால் குறிப்பிட்ட' என்ற சொல்லும் அப்போது உண்மையாகிவிடும். நம் சொந்தக் கருவிகளில் இதை உடனே செய்யலாம்.

ஆட்டோகான்ஃப் பக்கம் நிலைமை வேறு. டெப்ஹெல்பர் கான்ஃபிகரை அழைக்கும்போதே விருப்பச் சோதனையை நிறுத்தும் விருப்பத்தையும் சேர்த்துவிடுகிறது. அதாவது டெபியனில் நமக்காக ஏற்கெனவே வாயடைத்து வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் நாம் எழுத்துப் பிழையோடு ஒரு விருப்பம் கொடுத்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் விருப்பங்களை மாற்றும் நாளில், பேக்கேஜுக்கு வெளியே, நான் சேர்த்த விருப்பங்களை மட்டும் கொடுத்து, சோதனையை 'ஃபேட்டல்' நிலையில் வைத்துக் கான்ஃபிகரை ஒருமுறை கையால் ஓட்டிவிடுவேன். பிழை இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

கட்டும் சூழலைப் பற்றிய எச்சரிக்கைகளும் நமக்கு வருபவைதான். என் கணினியின் லொக்கேல் தமிழ்–இந்தியா. அது கட்டும் சூழலுக்குள்ளும் கடந்துபோகும். உள்ளே அந்த லொக்கேல் நிறுவப்பட்டிருக்காது. பெர்ல் ஒவ்வொரு முறை எழும்போதும் ஆறேழு வரி எச்சரிக்கும். டெபியன் கருவிகளில் பெரும்பகுதி பெர்ல் என்பதால் லாகின் கால்வாசி இதுவாகவே இருக்கும். 'பெர்ல் பேட்லாங்' என்ற மாறிக்குச் சுழியம் கொடுத்தால் பெர்ல் பேசாது. ஆனால் லொக்கேலைப் பொறுத்துப் பெயர்களின் வரிசை மாறும். உங்கள் கணினியில் ஒரு வரிசையும் இன்னொருவர் கணினியில் இன்னொரு வரிசையுமாகக் கோப்புப் பட்டியல் அமைந்தால் ஒரே மூலத்திலிருந்து இரண்டு வேறு பேக்கேஜ்கள் வரும். லொக்கேலை 'சி.யுடிஎஃப்-8' என்று வைத்துவிட்டால் காரணமும் போகும், பேச்சும் போகும். இரண்டு வழியிலும் லாக் ஒரே மாதிரி சுத்தமாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு.

ஏஆர் கட்டளையும் அப்படியே. நூலகக் காப்பகம் கட்டும்போது, 'டி இயல்பாக இருப்பதால் யு புறக்கணிக்கப்படுகிறது' என்று சொல்லும். யு என்றால் புதிதாக மாறிய கோப்பை மட்டும் மாற்று என்று பொருள்; அதற்குக் கோப்பின் நேரம் தெரிய வேண்டும். டி என்றால் நேரம் முதலியவற்றைச் சுழியமாக்கு என்று பொருள். யார் எப்போது கட்டினாலும் ஒரே பைட்டுகள் வரவேண்டும் என்பதற்காக விநியோகங்கள் அதை இயல்பாக்கின. நேரமே இல்லாதபோது யு என்ன செய்யும்? ஏஆருக்கான கொடியிலிருந்து, அதாவது விருப்ப எழுத்துகளிலிருந்து, யுவை எடுத்துவிட்டால் தீர்ந்தது. லிப்டூல் 'லிப்டூல் ஃபினிஷ் ஓட்ட மறக்காதீர்கள்' என்று சொல்வது மட்டும் அப்படியே விட வேண்டியது. பேக்கேஜ் கட்டும்போது கோப்புகள் தற்காலிக அடைவில் போய் உட்காருகின்றன. நூலகத்தை அமைப்பில் பதிவுசெய்யும் அந்தக் கடைசி வேலை பேக்கேஜை நிறுவும்போது தானாக நடக்கும்.

மூன்றாவது வகை, நிரலை ஓட்டப்போகிறவரைப் பற்றியது. கம்பைலரும், கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் லிங்கரும் சொல்வது பெரும்பாலும் இதில் சேரும். அறிவிக்கப்படாத ஃபங்ஷன், பொருந்தாத முகவரி வகை, நினைவக எல்லை மீறலைத் தடுக்கும் ஃபார்ட்டிஃபை பாதுகாப்பு வேலை செய்ய ஆப்டிமைசேஷன் வேண்டும் என்ற குறிப்பு, 2022இல் லிங்கர் அடங்கிய பின்யூடில்ஸ் 2.39 முதல் வரும் 'ஸ்டேக்கில் (தற்காலிகத் தரவுக்கான நினைவகத்தில்) நிரல் ஓடும் நிலை ஏற்படும்' என்ற எச்சரிக்கை. எடைமேடைத் தம்பிக்குப் பில்டு லாக் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கு வந்த கடிதத்தை நாம் பிரிக்காமல் குப்பையில் போடக்கூடாது.

அறிவிக்கப்படாத ஃபங்ஷனை சி மொழித் தரம் 1999இலேயே விலக்கிவிட்டது. ஆனாலும் குனுவின் சி கம்பைலரான ஜிசிசி இருபத்தைந்து வருடம் எச்சரிக்கையோடு விட்டுவைத்தது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14தான் அதைப் பிழையாக்கியது. இதில் ஒரு நுணுக்கம், என்னைக் கவலைப்பட வைப்பது. பழைய கான்ஃபிகர் ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சோதனை நிரல்களை எழுதிக் கம்பைல் செய்துபார்க்கும். அந்தச் சோதனை நிரலிலேயே அறிவிப்பு விடுபட்டிருந்தால், புதிய ஜிசிசியில் அது பிழையாகி, 'இந்த வசதி இல்லை' என்று கான்ஃபிகர் முடிவு கட்டிவிடும். பில்டு நிற்காது, எச்சரிக்கையும் வராது. வசதி மட்டும் காணாமல் போகும். அதனால் ஜிசிசி பதிப்பு மாறும்போது கான்ஃபிகரின் 'ஆம், இல்லை' விடைகளைப் பழைய லாகோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்து மோட்டார் பெட்டிக்குள் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்று ஒன்று இருக்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும். மின்சாரம் ஏறி இறங்கும் நாளில் அது அடிக்கடி நிறுத்தும். தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் நின்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். "சும்மா சும்மா ட்ரிப் ஆவுதுங்க, டைரக்ட் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். ஆயிரம் அடி போரிலிருந்து காயில் கருகிய மோட்டாரை மேலே ஏற்றும் நாளில்தான் அந்த டைரக்ட் நினைவுக்கு வரும். பிரிவென்டரின் அளவைத் திருத்தி வைத்திருந்தால் போதும், ரீவைண்டிங் செலவு வந்திருக்காது. பில்டில் எல்லா எச்சரிக்கைகளையும் ஒரே அடியில் நிறுத்தும் சின்ன எழுத்து 'டபிள்யூ' விருப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டைரக்ட் நினைவு வருகிறது.

எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' விருப்பத்தைப் பேக்கேஜ் கட்டுபவர்கள் எடுத்துவிடுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுதியவருக்கு அவருடைய கம்பைலரில் அது நல்ல ஒழுக்கம். அடுத்த ஜிசிசி புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தால், நேற்றுவரை நல்லபடி கட்டிய நிரல் இன்று நிற்கும். அதை எடுத்தாலும் எச்சரிக்கை லாகில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அதேபோல, லாகை மெலிதாகக் காட்டுவதும் வேறு விஷயம். முழுக் கட்டளைக்குப் பதிலாக ஒரு கோப்பின் பெயரை மட்டும் காட்டும் அமைதி முறையைச் சிலர் விரும்புகிறார்கள், கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று. டெபியன் கொள்கை லாக் முடிந்தவரை விரிவாக இருக்கச் சொல்கிறது. டெப்ஹெல்பரும் அந்த அமைதி முறையை அணைத்துத்தான் கட்டுகிறது. பாதுகாப்புக் கொடிகள் எல்லாக் கோப்புக்கும் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கும் பிஎல்எச்சி என்ற கருவி லாகின் கட்டளை வரிகளைப் படித்துத்தான் முடிவு சொல்கிறது. கட்டளையே இல்லாவிட்டால் அது எதைப் படிக்கும்?

வாயடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று ஒரு வரி எழுதிவைப்பது என் வழக்கம். டெபியன் பேக்கேஜில் பிழை தேடும் லிண்டியன் கருவியின் விலக்குக் கோப்பில் ஒவ்வொரு விலக்குக்கு மேலேயும் குறிப்பு எழுதலாம். ஃபெடோரா பக்கம் அதே வேலை செய்யும் ஆர்பிஎம்லிண்டின் வடிகட்டிக் கோப்பிலும் அப்படியே. நான் தேதியும் சேர்ப்பேன், எந்தப் பதிப்பு வந்தால் எடுத்துவிடலாம் என்றும் எழுதுவேன். நிரலின் புதிய பதிப்பு வரும்போது முதல் பில்டை விலக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். பாதி விலக்குகளுக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். அவற்றை அன்றே அழித்துவிடுவேன்.

எடைமேடை நிரலுக்கு வருவோம். 'சி99' என்பதை, அதோடு கூடுதல் வசதிகளும் சேர்ந்த 'குனு99' என்று மாற்றியதும் ஸ்டர்டூப்பின் அறிவிப்பு தெரிந்தது. பதினொரு மணிக்குள் புதிய பேக்கேஜ் ஏறியது, லோடு நகர்ந்தது. அந்த ஒரு வரி மாற்றத்தை எழுதியவருக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார், காலாவதி மேக்ரோக்களையும் திருத்திவிட்டார். லொக்கேலையும் ஏஆர் கொடியையும் நான் சரிசெய்தேன். இப்போது அந்த பேக்கேஜைக் கட்டினால் லாகில் எச்சரிக்கை என்று ஒரே வரிதான் வருகிறது, லிப்டூலுடையது.